ஆடும் வேனுக்கு ஒரு முறுக்குக் கம்பி

“என்ன சாமி, இது வண்டியா தொட்டிலா?”

ஆல்டமான்ட் கணவாயில் ஏறிக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார். ஜூன் மாதத்துச் சாயங்காலம். ட்ரேசியிலிருந்து லிவர்மோர் போகிற 580ஆம் நெடுஞ்சாலை. இரண்டு பக்கமும் காய்ந்த புல் குன்றுகள், அவற்றின் மேல் வரிசையாகக் காற்றாலைகள். சும்மா ஒன்றும் அங்கே கொண்டுபோய் நட்டுவைக்கவில்லை. வெயில் காலத்தில் கலிபோர்னியாவின் உள்பள்ளத்தாக்கு கொதிக்கும்போது, கடற்கரைப் பக்கத்துக் குளிர்ந்த காற்று இந்த மலை இடைவெளியில் புகுந்துதான் உள்ளே ஓடும். சாலை வளைகிற இடங்களில் அந்தக் காற்று வண்டியின் விலாவில் வந்து அறையும்.

அப்பா நாமக்கல்லில் முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் சரக்கோடு ஏறி இறங்கியவர். அவர் இப்படிக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. “காத்துங்கப்பா” என்றேன்.

“காத்து ஒருதரம் தள்ளும். இது மூணுதரம் ஆடுதே?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2016 ஃபோர்ட் டிரான்சிட் 250. உயரக் கூரை, 148 அங்குல வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைத்தூரம். ஒரு பூக்கடைக்காரரிடம் பழையதாக வாங்கி, ஒன்றரை வருஷம் சனி ஞாயிறெல்லாம் உட்கார்ந்து உள்ளே கட்டில், அலமாரி, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் செய்து வீடாக்கினேன். தரையிலிருந்து கூரைக்கு ஏறக்குறைய ஒன்பது அடி. அதற்கும் மேலே இரண்டு சோலார் பலகை, ஒரு காற்றாடி. முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்தது), அதோடு ஒரு ஸ்வே பாரும், அதாவது வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியும் உண்டு. பின்னால் நம் ஊர் லாரி மாதிரி ஒரே ஆக்சில், அதன்மேல் பாரத்தைத் தாங்க இரண்டு பட்டை ஸ்பிரிங். என் வண்டியில் பின்பக்கம் ஸ்வே பார் கிடையாது. கம்பெனிமேல் குற்றம் சொல்ல மாட்டேன். சாமான் ஏற்றுவதற்குச் செய்த வண்டி அது. அதன் தலையில் வீட்டைக் கட்டியவன் நான்.

ஆட்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. லாஸ் கேட்டோஸிலிருந்து சான்டா குரூஸ் போகும் 17ஆம் சாலையில் வளைவுக்கு வளைவு மேல் அலமாரிக் கதவு திறந்துகொள்ளும். ஒருமுறை பிக் மூடி வளைவில் மிளகாய்ப்பொடி டப்பா கீழே விழுந்து, அன்றைக்கு முழுக்கத் தும்மிக்கொண்டே கடல் பார்த்தோம். அதைவிட மோசம் நேர் சாலை. ஐந்தாம் நெடுஞ்சாலையில் பெரிய டிரக் ஒன்று முந்திப்போனால், அது தள்ளுகிற காற்றில் வண்டி முதலில் வெளிப்பக்கம் சாயும், டிரக் கடந்ததும் உள்பக்கம் சாயும், அப்புறம் இன்னொருதரம் இப்படியும் அப்படியும். அதை ஸ்டியரிங்கில் திருத்தப்போனால் நம் திருத்தமும் அந்த ஆட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். இரண்டு மணி நேரம் ஓட்டினால் தோள்பட்டை கல்லாகிவிடும்.

அதனால்தான் அப்பா வருவதற்குப் பத்து நாள் முன்னாலேயே ஸ்வே பாருக்குச் சொல்லியிருந்தேன். பெட்டி கராஜில் கிடந்தது. இங்கே இதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில், விசாலியாவில் இருக்கும் ஹெல்விக் 1946லிருந்து இந்த மாதிரி வேலைதான் செய்கிறது. விலை நானூறு டாலருக்குப் பக்கம். ஒரு பட்டறையில் கேட்டதற்கு, பொருத்தக் கூலி மட்டும் முந்நூறு என்றார்கள். எட்டு நட்டு முடுக்க முந்நூறா என்று எனக்கு மனசு வரவில்லை. (எட்டு நட்டு இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.)

பெட்டியைப் பிரித்ததும் அப்பா கம்பியைத் தூக்கிப் பார்த்து, “என்னத்துக்கு இது?” என்றார். தாளில் இருந்ததைப் படித்துச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அதனால் தோளில் கிடந்த துண்டைக் கேட்டு வாங்கி இரண்டு கையிலும் பிடித்துக் காட்டினேன். ‘ப’ எழுத்தைப் படுக்கப்போட்ட மாதிரி வளைத்த உருக்குக் கம்பி இது. நடுத்தண்டு ஆக்சிலோடு ஒட்டிக் கிடக்கும், இரண்டு கைகளின் நுனியும் லிங்க் என்கிற சின்னத் தண்டு வழியாகச் சேசிஸில் மாட்டியிருக்கும். இரண்டு சக்கரமும் ஒன்றாக மேடேறினால் கம்பி பேசாமல் அப்படியே சுழன்று கொடுக்கும், அதற்கு வேலையே இல்லை. ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் தூக்கினால் மட்டும், ஈரத்துண்டைப் பிழிகிற மாதிரி நடுத்தண்டு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு பிரியப் பார்க்கிற விசைதான் வண்டியை நிமிர்த்துகிறது.

“முறுக்குக் கம்பின்னு சொல்லு” என்றார் அப்பா. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

இதில் நிறையப் பேர் ஏமாறுகிற ஓர் இடம் உண்டு. முறுக்குக் கம்பி சுமை தாங்காது. பின்பக்கம் பாரத்தில் உட்கார்ந்துபோன வண்டியை இது ஓர் அங்குலம்கூடத் தூக்காது. அதற்குப் பட்டை சேர்க்க வேண்டும், இல்லை காற்றுப்பை வைக்க வேண்டும். இன்னொன்று, கம்பியின் பருமன். கால் அங்குலம், அரைக்கால் அங்குல வித்தியாசத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். ஆனால் உருட்டுக் கம்பியின் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. ஓர் அங்குலக் கம்பியை ஒன்றே அரைக்கால் அங்குலமாக்கினால் விறைப்பு 60 சதவீதம் கூடிவிடும். அதனால் ‘இருப்பதிலேயே தடியானதைக் கொடு’ என்று வாங்கக் கூடாது. பின்பக்கம் மட்டும் அளவுக்கு மீறி விறைத்துப்போனால், மழை நாளில் காலி வண்டியோடு நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் சுற்றுப்பாதையில் வால் முதலில் வழுக்கும். அதுவும் என் வண்டி பின்சக்கரத்தில் ஓடுவது.

சனிக்கிழமை காலையில் மாட்டிவிடலாம் என்று ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தேன். அப்பா வண்டிக்குப் பின்னால் போய் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு, “இடப்பக்கம் சரிஞ்சு நிக்குது” என்றார்.

நான் நம்பவில்லை. இஞ்ச் டேப் எடுத்துத் தரையிலிருந்து சக்கர வளைவின் விளிம்புவரை அளந்தோம். இடப்பக்கம் முக்கால் அங்குலம் தாழ்வு. தரை கோணலோ என்று வண்டியைத் தெருவுக்குக் கொண்டுபோய், திருப்பி நிறுத்தி, மறுபடி அளந்தேன். அதே முக்கால் அங்குலம்.

“தண்ணித் தொட்டி எந்தப் பக்கம்?”

இடப்பக்கம். ஃபிரிட்ஜ்? இடப்பக்கம். பேட்டரி? அதுவும். வயர் இழுக்கச் சுலபம் என்று எல்லாவற்றையும் ஒரே பக்கம் வைத்திருந்தேன். தொட்டி மட்டும் நூறு லிட்டர், நிரப்பினால் நூறு கிலோ. போதாததற்கு என் மனைவி வார்ப்பிரும்புத் தோசைக்கல், இரண்டு குக்கர், அரிசி டப்பா எல்லாவற்றையும் மேல் அலமாரியில் அடுக்கியிருந்தாள். குனிந்து எடுக்க முடியவில்லை என்று நான்தான் மேலே வைக்கச் சொன்னேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். அப்பா ஒவ்வொன்றாக இறக்கச் சொல்லித் திண்ணையில், அதாவது கராஜ் வாசலில், வரிசையாக வைத்தார். “வைக்கோல் லோடு மாதிரி உச்சியில பாரத்தை வெச்சுட்டு வண்டி சாயுதுங்கறே” என்றார்.

அன்றைக்குக் கம்பி மாட்டவில்லை. அந்தச் சனி ஞாயிறு முழுக்கப் பாரத்தை மாற்றினோம். பேட்டரியும் கருவிப் பெட்டியும் வலப்பக்கம், ஆக்சிலுக்கு முன்னால், தரையோடு. இரும்புச் சாமான் எல்லாம் கட்டிலுக்கு அடியில். தொட்டியை நகர்த்த முடியவில்லை, குழாய் எல்லாம் ஒட்டிவிட்டேன். இனிமேல் பாதிதான் நிரப்புவது என்று முடிவு. மறுபடி அளந்தபோது வித்தியாசம் கால் அங்குலத்துக்கும் கீழே. ஆல்டமான்டில் ஒரு சுற்றுப் போய் வந்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அப்போதே போய்விட்டது. நானூறு டாலர் பெட்டி இன்னும் கராஜில் இருந்தது.

வண்டி ஒரு பக்கம் சரிந்திருக்கும்போதே கம்பியை மாட்டியிருந்தால் இன்னொரு கூத்தும் நடந்திருக்கும். நிற்கும்போதே கம்பி கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, சரிவைப் பாதி மறைத்துக் காட்டியிருக்கும். ஒரு பக்கத்து வளைவில் ஒரு மாதிரியும் மறுபக்கத்து வளைவில் வேறு மாதிரியும் வண்டி நடந்துகொண்டிருக்கும். காரணம் தெரியாமல் நான் ஷாக் அப்சார்பரை மாற்றிக்கொண்டிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமைதான் மாட்டினது.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தாயிற்று. ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கிச் சேசிஸுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு நிறுத்தினேன். ஸ்டெப்னி பின்னால் அடியில் தொங்குகிறது, அதைக் கழற்றி உருட்டிவிட்டால் படுத்துக்கொள்ள நல்ல இடம் கிடைக்கும். ஆக்சில் குழாயில் ஒட்டியிருந்த சேற்றைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். இதைச் செய்யாவிட்டால் யு போல்ட் சேற்றின்மேல் உட்காரும், சேறு உதிர்ந்ததும் தளரும். கம்பியைச் சுற்றிப் பிடிக்கும் புஷ்ஷின் உள்வாயில் கிரீஸ் தடவிக் கம்பியில் மாட்டி, தாங்கிப் பட்டையை வைத்து, யு போல்ட்டை ஆக்சிலைச் சுற்றிக் கொண்டுவந்து கையால் நட்டுப் போட்டேன். இதுவரை ஒரு மணி நேரம்.

யு போல்ட்டை முடுக்கப்போகும் நேரத்தில் அப்பா டார்ச்சை உள்ளே நீட்டி, “அந்தக் கறுப்பு வயரு என்னது?” என்றார். ஏபிஎஸ் பிரேக்கின் சென்சார் வயர். யு போல்ட்டுக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் அழகாகப் படுத்திருந்தது. இன்னும் நாலு சுற்று முடுக்கியிருந்தால் நசுங்கியிருக்கும். பிரேக் குழாயும் அதே பக்கத்தில்தான் ஓடுகிறது. இதை யாராவது வீட்டில் செய்வதாக இருந்தால் இந்த ஓர் இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு யு போல்ட்டையும் சுற்றி விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

அப்புறம் லிங்க். நான் கோட்டை விட்டது இங்கேதான். வண்டி சேசிஸில் தூக்கி நிற்கிறது, ஆக்சில் கீழே தொங்குகிறது. அந்த நிலையில் லிங்கைச் சேசிஸில் மாட்டிக் கம்பியோடு சேர்த்து எல்லா நட்டையும் முழுசாக முடுக்கிவிட்டேன். கச்சிதமாக இருந்தது. வண்டியை இறக்கினேன். இறங்கியதும் ஆக்சில் மேலே வந்தது, கம்பியின் கைகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றன, லிங்க் இரண்டும் கூன் விழுந்தவன் மாதிரி பின்பக்கம் சாய்ந்துவிட்டன. லிங்க் முனையில் இருக்கும் ரப்பர் நான் முடுக்கிய நிலையிலேயே பிடித்துக்கொண்டு, இப்போது முறுக்கி நின்றது. தெருமுனைவரை ஓட்டியதற்கே ‘டக், டக்’ என்று சத்தம்.

கழற்றி மறுபடி. இந்தத் தடவை பின்சக்கரங்களை இரண்டு சாய்தளத்தின்மேல் ஏற்றினோம். இப்படிச் செய்தால் வண்டியின் பாரம் சக்கரத்தில்தான் நிற்கும், சாலையில் நிற்பது போலவே, அடியில் போக இடமும் கிடைக்கும். முதலிலேயே இப்படிச் செய்திருக்க வேண்டும். கம்பியின் கைகள் தரைக்கு இணையாக, லிங்க் அதற்குச் செங்குத்தாக வரும்படி நீளத்தைத் திருகிச் சரிசெய்து, அதற்கப்புறம்தான் கடைசி முடுக்கு. தாளில் போட்டிருந்த அளவுக்கு டார்க் ரெஞ்சில் முடுக்கினேன், குறித்த இறுக்கம் வந்ததும் ‘கிளிக்’ என்று சொல்லும் ரெஞ்சு அது. அப்பாவுக்கு அந்த ரெஞ்சின் ‘கிளிக்’ சத்தத்தில் நம்பிக்கை இல்லை. ஒவ்வொன்றையும் தானும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். கம்பியின் கையில் இரண்டு துளை உண்டு. உள்துளையில் மாட்டினால் கை குட்டையாகி விறைப்பு கூடும், வெளித்துளையில் இளக்கம். வெளித்துளையிலேயே மாட்டினேன். இன்றுவரை உள்துளைக்குப் போகத் தோன்றவில்லை.

காலை எட்டுக்குப் படுத்தவன் எழுந்தபோது மணி மூன்று. முந்நூறு டாலர் கேட்ட பட்டறைக்காரர்மேல் இருந்த கோபம் அன்றோடு போயிற்று.

சரி, என்ன மாறியது? முதலில் அளந்து பார்க்க ஆசைப்பட்டு டாஷ்போர்டில் பாதி நிரப்பிய தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்தேன். அது பேத்தல். வளைவில் தண்ணீர் ஒதுங்குவது வண்டி சாய்வதால் மட்டும் இல்லை, திரும்புகிற விசையாலும்தான். வண்டி சாயாவிட்டாலும் அது ஒதுங்கத்தான் செய்யும். அதைவிட்டு, ஒரு நண்பனைப் பின்னால் வரச் சொல்லி, அதே சுற்றுப்பாதையில் அதே 30 மைல் வேகத்தில் முன்பு ஒருதரமும் பின்பு ஒருதரமும் படம் எடுக்கச் சொன்னேன். கூரை விளிம்புக்கும் தூரத்து அடிவானத்துக்கும் கோடு போட்டுக் கோணம் பார்த்தால், ஏழு டிகிரிக்குப் பக்கம் இருந்தது நாலரை சொச்சத்துக்கு வந்திருந்தது. விஞ்ஞானம் இல்லை, ஆனால் கண்ணுக்கே தெரிகிறது.

17ஆம் சாலையில்தான் நிஜ வித்தியாசம். முன்பெல்லாம் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால், வண்டி முதலில் சாய்ந்து, அந்தச் சாய்வில் உட்கார்ந்து, அப்புறம்தான் திரும்பும். அடுத்த வளைவு மறுபக்கம் வந்தால் எல்லாம் தலைகீழாக இன்னொரு தரம். இப்போது திருப்பியதும் திரும்புகிறது. அலமாரிக் கதவு மூடியே இருக்கிறது. டிரக் முந்திப்போனால் ஒருதரம் அசையும், அவ்வளவுதான், நின்றுவிடும்.

காற்று மட்டும் அப்படியே இருக்கிறது. ஒன்பதடிச் சுவரைக் காற்று தள்ளினால் தள்ளத்தான் செய்யும், அதை எந்தக் கம்பியும் நிறுத்தாது. ஆல்டமான்டில் இப்போதும் இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான், வேகம் 60க்குள்தான். தள்ளிய பிறகு வருகிற அந்த இரண்டாவது மூன்றாவது ஆட்டம்தான் போயிற்று.

கெட்டதும் ஒன்று உண்டு. எங்கள் வீட்டு வாசலில் தெரு ஓரச் சாக்கடைப் பள்ளத்தைக் கோணலாகத் தாண்டி ஏற வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் மேடேறும்போது கம்பி அந்த அதிர்வை மறுபக்கத்துக்கும் கடத்துகிறது. உட்கார்ந்திருப்பவர்களின் தலை ஜன்னல் பக்கமாக வெடுக்கென்று போய்வரும். யோசெமிட்டி பக்கத்தில் ஒரு மண் பாதையில் அரை மணி நேரம் இப்படித் தலையாட்டிக்கொண்டே போனோம். கரடுமுரடான பாதையே கதி என்று இருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இரண்டாம் வாரம் கீச்சுச் சத்தம் வந்தது. பாலியூரித்தேன் புஷ்ஷுக்குக் கிரீஸ் காய்ந்தால் எலிக்குஞ்சு மாதிரி கத்தும். சாதாரண கிரீஸ் தடவியது என் தப்பு. இதற்கென்று இருக்கும் ஒட்டுகிற சிலிக்கோன் கிரீஸை வாங்கித் தடவியதும் நின்றது.

அப்பா ஊருக்குப் போவதற்கு முந்தின நாள், என் மகளிடம் ரோஸ் கலர் நகச்சாயம் கேட்டு வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். எழுபத்தோரு வயசு, சொன்னால் கேட்பதில்லை. ஒவ்வொரு நட்டின்மீதும் போல்ட்டின்மீதும் சேர்ந்தாற்போல ஒரு கோடு இழுத்துவிட்டு வெளியே வந்தார். நட்டு தளர்ந்தால் கோடு உடைந்து தெரியும், ஸ்பானர் எடுக்காமலே கண்டுபிடிக்கலாம். லாரியில் பெயின்ட் தொட்டு இப்படித்தான் செய்வார்களாம். மொத்தம் பதினாறு கோடு. எட்டு நட்டு என்று நான் நினைத்தது இவ்வளவு.

போன ஞாயிற்றுக்கிழமை டார்ச்சோடு உள்ளே போய்ப் பார்த்தேன். பதினைந்து கோடு நேராக இருந்தன. வலப்பக்க லிங்கின் மேல் நட்டில் மட்டும் கோடு ஒரு நூல் விலகியிருந்தது. முடுக்கிவிட்டு நகச்சாயம் கேட்டால், ரோஸ் தீர்ந்துபோயிற்று என்றாள் மகள். அந்த ஒரு நட்டுக்கு மட்டும் நீலம்.